சர்க்காரை விட்டு வேறு போனவர்

2022ஆம் வருடம் ஆவணி மாதம் மூன்றாம் வெள்ளியன்று, பால் வாங்கப் புறப்பட்ட கீழச்சிவல்பட்டி சத்தியமூர்த்தியின் கால் தெருவில் பதியவில்லை. வாசல்படி வரைக்கும் எல்லோரையும் போல நடந்து வந்தவர், படியைத் தாண்டியதும் தரைக்கு நாலு விரல் உயரத்தில் நின்றார். அப்படியே நடந்து போய் அரை லிட்டர் பால் வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பி வந்தார். படியில் ஏறியதும் தரை மறுபடி காலுக்குக் கிடைத்தது. அன்று தக்காளி கிலோ இருபது ரூபாய். அவர் மனைவி தேனம்மை பாலை வாங்கி அடுப்பில் வைத்தாள். இவரால் இன்னும் என்னென்ன வருமோ என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். சென்னையில் தனியார் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர் அவர். தேனம்மை வீட்டுக்குப் பின்னால் மெஸ் நடத்தினாள். சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றிப் போகிறாளே என்று, கொல்லைச் சுவரில் ஒரு கதவு வைக்க அனுமதி கேட்டுப் பதினான்கு மாதம் அலைந்தார். சொந்தச் சுவர், சொந்தச் செலவு. மனு நான்கு முறை திரும்பி வந்தது. நான்காவது முறை சொன்ன காரணம், வரைபடத்தின் நகல் கலரில் இல்லை என்பது. எரிச்சல் தேனம்மைக்கும் வந்தது. அவள் எரிச்சலோடு நிறுத்திக்கொண்டாள். அவர் புத்தகங்கள் வாங்கினார். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரமெல்லாம் பாட நேரமாயிற்று. மனிதன் தனக்குத்தானே சொந்தம், சம்மதம் இல்லாமல் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, கோடிப் பேர் கை தூக்கினாலும் பறிப்பது பறிப்பதுதான் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்க அவளுக்கு இடைவெளி கிடைக்காது.

அவர்கள் இனத்தில் மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைப்பது வழக்கம். அதே வீட்டுக்குள் ஓர் அறை, தனி அடுப்பு, ஒரு வருடத்துக்கு அரிசி, பருப்பு, புளி, மிளகாய். சண்டை சச்சரவு கிடையாது. அவரவர் உலை அவரவர் பாடு. அந்த முறையிலேயே, இன்று முதல் தாம் சர்க்காரை விட்டு வேறு போவதாகவும், சாமான் எதுவும் தர வேண்டாம் என்றும் கலெக்டருக்குக் கடிதம் எழுதினார். பதிவுத் தபாலில் அனுப்பினார். தபாலாபீஸ் யாருடையது என்று தேனம்மை கேட்டபோது அவர் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வேறு வைத்த பிள்ளையும் அதே கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கிறான் என்று அவள் சொன்னதும் அவர் காதில் ஏறவில்லை. ஒன்பதாம் நாள் கால் எழும்பியது.

சர்க்கார் இடமானால் எழும்பும், தனியார் இடமானால் பதியும், கணக்கு அவ்வளவுதான். காரைக்குடி போகும் சர்க்கார் டவுன் பஸ்ஸில் சீட்டுக்கு நாலு விரல் மேலே கம்பியைப் பிடித்தபடி அவர் போனார். உட்காராதவன் எதற்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கண்டக்டரிடம் வாதாடினார். எத்தனை விரல் மேலே இருந்தாலும் காரைக்குடி காரைக்குடிதான் என்று சொல்லி கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். மழைக்காலத்தில் ஊரே சேற்றில் புதைந்து நடக்க, அவர் மட்டும் கழுவி வைத்த பாதங்களோடு வீடு திரும்பினார். தேனம்மை ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு முழங்கால் வரை சேறோடு வருவாள். அந்தச் சீனி போட்ட காபியை அவர் மறுப்பதில்லை. அவளும் சொல்லிக்காட்டவில்லை, சொன்னால் அதற்கும் ஒரு மணி நேர விளக்கம் வரும்.

இதை முதலில் பயன்படுத்திக்கொண்டவர் சர்வேயர் வீரையா. சங்கிலி பிடித்து மூன்று நாள் அளப்பதை சத்தியமூர்த்தி மூன்று நிமிடத்தில் நடந்து காட்டிவிடுவார். கால் எழும்பினால் புறம்போக்கு, பதிந்தால் பட்டா. ஒன்றரை வருடத்தில் நான்கு கண்மாய்களின் எல்லை முடிவாயிற்று. ஒரு கட்சிக்காரரின் கல்யாண மண்டபம் பாதி ஊருணிக்குள் இருப்பதும் தெரிந்தது. உண்மையைச் சொல்வதில் கட்டாயம் ஏதுமில்லை, அது தம் விருப்பம் என்பார் அவர். கூலி வாங்காமல் சர்க்காருக்கு இப்படி உழைத்த ஆள் அந்தத் தாலுகாவில் வேறு யாரும் இல்லை. ஒருமுறை, பக்கத்து ஊரில் அரசுக் கட்டடம் ஒன்றின் முன்வாசலில் அவர் கால் அழுத்தமாகப் பதிந்தது. அது புஷ்பவள்ளி என்கிற விதவையின் பூர்வீக இடம். வீரையா அப்போது வேப்பமரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அளவு எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

தேனம்மை மட்டும் அவரைத் தன் மெஸ் பக்கம் விட்டதே இல்லை. பழைய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுகிற தகரக் கொட்டகை அது. அம்மா வீட்டில் போட்ட நகையை விற்று அவளாக எழுப்பியது. அவள் பெயரில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம். அடுப்பு இருந்த பக்கம் புறம்போக்கில் நிற்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவருக்குச் சாப்பாடு எப்போதும் வீட்டுக்கே வந்தது. கல்யாண மண்டபத்துக்காரர் சும்மா இருப்பாரா? மெஸ்ஸையும் அளக்கச் சொல்லி மனு போட்டார். புதன்கிழமை வரும்படி வீரையா சத்தியமூர்த்திக்குச் சொல்லி அனுப்பினார்.

"நான் பொய் சொல்ல முடியாது தேனு," என்றார் அவர்.

"பொய் சொல்லச் சொல்லலை. வராதீகன்னுதான் சொல்றேன். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு மூணு வேளையும் சொல்றீக. வீரையா கூப்பிட்டா மட்டும் எதுக்குப் போறீக?"

போகாமல் இருந்தால் மறைத்ததாகிவிடும் என்றார். அவர் கொட்டகைக்குள் நுழைந்தபோது கால் பதிந்தே இருந்தது. மேசைகளைத் தாண்டினார். அடுப்பை நெருங்கியதும் நாலு விரல் எழும்பினார். வேலைக்காரி ஆயி கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டாள். வீரையா சுண்ணாம்புக் கோடு போட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு மஞ்சள் இயந்திரம் வந்து கோட்டுக்கு அங்குட்டு இருந்ததை மட்டும் இடித்துவிட்டுப் போயிற்று. அந்த மட்டில் துல்லியமான வேலை. தேனம்மைக்கு அழுகை வரவில்லை. முப்பத்துநான்கு வருடம் ஒரு ஆளோடு இருந்து இதைத்தான் கண்டோமா என்கிற அலுப்புதான் வந்தது.

அன்று மாலையே அவள் சத்தியமூர்த்தியை வேறு வைத்தாள். முறைப்படி ஒரு வருடத்து அரிசி, பருப்பு, புளி, மிளகாய், ஒரு அடுப்பு. தன் பெயர் வெட்டிய சீர்ப் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு, அவர் வீட்டுப் பாத்திரங்களை அவர் அறை வாசலில் அடுக்கினாள். மறுநாள் காலை எழுந்தபோது அவள் கால் அந்த வீட்டுத் தரையில் பதியவில்லை. அது அவர் அப்பச்சி, பாட்டன் வழி வந்த வீடு. தெருவில் இறங்கினால் எல்லோரையும் போல நடந்தாள். வீட்டுக்குள் நாலு விரல் மேலே போனாள். ஒரு தோசை சுடும் நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் சும்மா கிடந்த அடுப்புகளைக் கழுவி மெஸ்ஸை அங்கேயே ஆரம்பித்தாள். நின்று நின்று வந்த குதிகால் வலி போயிற்று. சாப்பிட வந்தவர்கள் முதல் நாள் படம் எடுத்தார்கள். இரண்டாம் நாள் கூட்டு கேட்டார்கள். குடும்பப் பாகப்பிரிவினை ஒன்றில் நடந்து காட்ட வர முடியுமா என்று வீரையா கேட்டனுப்பினார். கூலி என்ன தருவீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டனுப்பியதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சத்தியமூர்த்தி பதினோரு நாள் தாமே பொங்கித் தின்றார். குழைந்த சோறு, தீய்ந்த பருப்பு, யாருடைய கட்டாயமும் இல்லை. பேசிக்கொண்டே சாப்பிட எதிரில் ஆளும் இல்லை. பன்னிரண்டாம் நாள் மதியம் இரண்டாம் கட்டு நிலைப்படிக்கு வெளியே வந்து நின்றார். அவர் வீடு, அவர் நிலைப்படி; உள்ளே போக அவருக்குத் தடையே இல்லை. ஆனாலும் நின்றார். கூட்டம் பரிமாறி முடியும்வரை நின்றுவிட்டு, "உள்ள வரட்டுமா?" என்றார்.

தேனம்மை அகப்பையோடு அப்படியே திரும்பிப் பார்த்தாள். நாலு விரல் மேலிருந்து பார்க்க, அவர் கொஞ்சம் உயரம் குறைந்தாற்போலத் தெரிந்தார்.

"இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் கேட்டிருக்கீக," என்றாள். "வாங்க. பேசாம உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். இலை போட்டாள். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகு ஊற்றினாள். அவள் கால் அன்றும் கீழே இறங்கவில்லை. இறங்கும் என்று அவள் காத்திருக்கவும் இல்லை.