மணியின் நாக்கு

அந்தப் பனிமலைக்கு ஊரார் வைத்த பெயர் மாமியார். சின்னச் சத்தம் காதில் விழுந்தால் போதும், உச்சியில் இருப்பதையெல்லாம் நம் தலையில் கொட்டிவிடுவாள். ஆனால் கீழூர் வைத்தியரிடம் போக அவள் காலடியைக் கடந்தே ஆகவேண்டும். ஆயிட்டாவின் முதுகில் கட்டியிருந்த மூன்று வயது செரைனா, தொண்டை அடைத்து நாய் குரைப்பதுபோல் இருமிக்கொண்டிருந்தாள்.

சரிவு தொடங்கும் இடத்தில் ஆயிட்டாவின் கணவன் ஃப்ளூரின் இரண்டு கோவேறு கழுதைகளையும் நிறுத்தினான். முன்கழுதையின் சேணத்துக்குப் பின்னால் தொங்கிய மணிக்குள் உலர்புல்லைத் திணித்தான். மணியைக் கழற்றமாட்டார்கள். மணியில்லாமல் அந்த வழி போனவன் வீடு திரும்பமாட்டான் என்று அவர்களுக்கு ஒரு பயம்.

"புள்ள இருமினா என்னங்க பண்றது?"

"வாயைப் பொத்து."

"அது மூச்சு விட வேணாமா?"

"அப்போ மாமியார்கிட்ட நீயே பேசிக்க." அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

பாதி வழியில் முன்கழுதை பனியில் புதைந்து நின்றது. பின்கழுதை சும்மா இருக்குமா? மணிக்குள் திணித்தது கோடையில் அறுத்த மணக்கும் புல். கந்தலைத் திணித்திருக்கலாம், பாவி மனுஷனுக்கு அவசரத்தில் தோன்றவில்லை. ஆயிட்டா பார்த்தபோது கடைசி வாய் புல்லும் பின்கழுதையின் வயிற்றுக்குள் போய்விட்டது.

மணி ஒருமுறை அடித்தது.

மேலே எங்கோ பனி முனகியது. ஆயிட்டா கையுறையை உருவி எறிந்துவிட்டு, கையை மணிக்குள் விட்டு நாக்கைப் பிடித்துக்கொண்டாள். குளிரில் உறைந்த இரும்பு நெருப்பாய்ச் சுட்டது. கழுதை மறுபடி நடந்தது. பிடியை விடாமல் அவளும் நடந்தாள். கடவுளே, இவள் இருமக்கூடாது, இருமவே கூடாது என்று வழியெல்லாம் வேண்டினாள். செரைனா இருமவில்லை.

சரிவைத் தாண்டிப் பாறை மறைவுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"என்னங்க! புள்ள இருமவே இல்லீங்க!"

ஃப்ளூரின் கட்டை அவிழ்த்தான். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. கன்னத்தில் தட்டினான், அசைவில்லை. ஆயிட்டா கையை வெடுக்கென்று இழுத்தாள். தோல் மணியின் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. ரத்தம் வழிய மணியைப் பிடுங்கி, குழந்தையின் காதருகே வெறிகொண்டு ஆட்டினாள்.

"இருமுடி! என் தங்கமே, இருமித் தொலைடி!"

செரைனா ஒரே ஒரு முறை இருமினாள்.

அவர்களுக்குப் பின்னால் சரிவு முழுவதும் இடிந்து இறங்கியது. ஆயிட்டா திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்து, அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தாள்.