முள் சொன்ன எடை

நாகலெட்சுமிக்குத் தன்னைத் தவிர இந்த உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. தன் மேல் வைத்த நம்பிக்கையும் ஒரே ஒரு காலில்தான் நின்றது: பதினாறு வருடமாக அவளுக்கு அரைப்பேர் விழுந்ததில்லை. ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மழையோ வெயிலோ, காய்ச்சலோ கல்யாண வீடோ, அவள் பதினைந்துக்குக் கீழே இறங்கியதில்லை. பதினாறைத் தாண்டி ஏறியதும் இல்லை என்று லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராக்காரிகள் சொல்வார்கள். அவள் காதில் விழாதபடிதான்.

அப்படிப்பட்டவளுக்கு, எண்பத்தேழாம் வருடத்து ஜூன் மழையில், அடுத்தடுத்து இரண்டு நாள் அரைப்பேர் விழுந்தது.

அது சாதாரண ஜூன் இல்லை. றொசல்லவுக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து பத்தே நாள் ஆகியிருந்தது. அதோடு புதுத் துரையின் புதுச் சட்டமும் வந்திருந்தது: தொடர்ந்து மூன்று நாள் அரைப்பேர் வாங்கியவள் கொழுந்து மலையை விட்டுப் புல்வெட்டுக்குப் போக வேண்டும். புல்வெட்டு என்றால் பல் போன கிழவிகளின் கூட்டம். போன வருடம் அங்கே போன காளியாயியைப் பார்த்து, "என்னா காளியாயி, பென்சன் குடுத்துட்டாங்களா?" என்று லயமே கேட்கச் சிரித்தவள் நாகலெட்சுமிதான். காளியாயி அதை மறக்கவில்லை. இரண்டு நாளாக அவள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஒரு புல் சுரண்டியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

நாகலெட்சுமி முதலில் தராசைச் சந்தேகப்பட்டாள். பிறகு தராசைத் தூக்கி வருகிறவனை. கணக்கப்பிள்ளை செபஸ்தியாம்பிள்ளையைச் சந்தேகப்பட வழியில்லை. காலை, பகல், அந்தி என்று மூன்று நிறுவையிலும் அவர் எடையை உரக்கக் கூப்பிட்டுத்தான் கொப்பியில் எழுதுவார். அஞ்சு, ஆறு, அஞ்சு. அவள் காதாலேயே கேட்டாள். கூட்டினால் பதினாறு. ஆபீசிலிருந்து வந்த தாளில் பதின்மூன்று.

ஆக, மூன்று கிலோ ஆபீசில்தான் காணாமல் போகிறது. ஆபீசில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் கொழும்பில் இரண்டு வாரம் படித்துவிட்டு வந்த ஐவி. ஐவிக்கு ஞானத்தாய் யார்? பக்கத்துக் காம்பரா ஜோசப்பின். அந்த ஜோசப்பினுக்கு அதே தாளில் எத்தனை? இருபத்தொன்று! நாகலெட்சுமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

தண்ணீர் விழும் பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"ஏன்டி ஜோசப்பின், மழையில எல்லாருக்கும் எறங்குது, ஒனக்கு மட்டும் ஏறுதே. கோயில்ல மெழுகுவத்தி ஏத்துனியா, இல்ல ஆபீசுல ஏத்துனியா?"

"எனக்குக் கையி ரெண்டு, ஒங்களுக்கு வாயி ரெண்டு. அதான்க்கா வித்தியாசம்," என்றாள் ஜோசப்பின், குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு.

அன்று பகலே நாகலெட்சுமி ஆபீஸ் ஜன்னலில் நின்றாள். உள்ளே திரையில் கட்டம் கட்டமாகப் பச்சை எழுத்து. தாளோடு காத்திருந்தார் செபஸ்தியாம்பிள்ளை.

"ஐவிப்புள்ள, நேத்து எனக்கு எத்தனை போட்ட?"

"அஞ்சு, ஆறு, அஞ்சுக்கா."

"கூட்டு."

"பதினாறு."

"அப்ப ஏன் தாள்ல பதிமூணு?"

"மழைக்கா. ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு கிலோ தண்ணிக் கழிவு. மூணு நிறுவைக்கு மூணு. அதைச் சூத்திரத்துக்குள்ளயே போட்டுட்டேன், அதுவே கழிச்சிரும்."

"தண்ணியா?" நாகலெட்சுமியின் குரல் பாக்டரி வரைக்கும் போயிருக்கும். "தண்ணியத்தான் இவரு மலையிலயே கழிச்சிட்டுக் கூப்பிடுறாரே! ஜோசப்பினுக்கு முள்ளு ஒம்போதுல நிக்கும், இவரு 'எட்டு'ம்பாரு. வீரம்மாவுக்கு ஆறுல நிக்கும், 'அஞ்சு'ம்பாரு. நா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்!"

அவள் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். அடுத்தவள் சாக்கு தராசில் தொங்கும்போது நாகலெட்சுமியின் கழுத்து நாரைக் கழுத்தாக நீளும். தன் சாக்கு தொங்கும்போது மட்டும் பின்னால் நின்று அதன் வாயைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருப்பதால், முள் அவளுக்குத் தெரியாது.

ஐவி கணக்கப்பிள்ளையைப் பார்த்தாள். "ஐயா, நீங்க கழிச்சிட்டா எழுதுறீங்க? கொப்பியில அப்படி ஒண்ணும் இல்லியே."

"இதையெல்லாம் எழுதணுமாம்மா? இருபத்தஞ்சு வருசமா மனசுலதான் கழிக்கிறேன்." சொல்லிவிட்டு அவர் நாகலெட்சுமியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டார். நாகலெட்சுமி அந்த விழுங்கலையும் குறித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டுத் துரை வந்தார். விஷயம் பிடிபட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. "ஹரி, சரி. அப்ப ரெண்டு தரம் தண்ணி கழிச்சிருக்கு. முள்ளு சொன்னது எங்க எழுதியிருக்கு?"

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அதுதான் வம்பு. கழித்த பிறகு மிஞ்சியது மட்டுமே கொப்பியில் இருந்தது. பழைய நாட்களைத் திருத்த வழியே இல்லை. துரை தலையைச் சொறிந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: இன்றைய நிறுவை கணக்கில் சேராது, நாளையிலிருந்து முள் காட்டுவதை அப்படியே எழுத வேண்டும். நாளைக்குப் பதினைந்து வருகிறவள் பெயர் புல்வெட்டுப் பட்டியலிலிருந்து போய்விடும். வராதவள் புல்வெட்டுக்குப் போவாள்.

ஐவி கொப்பியில் மூன்று கோடு இழுத்தாள். "முள்ளு ஒரு கட்டம், தண்ணி ஒரு கட்டம், மிச்சம் ஒரு கட்டம். மழை இல்லாட்டித் தண்ணிக் கட்டத்துல சைபர். சூத்திரத்துக்குள்ள நம்பரை ஒளிச்சு வைக்காதீங்கன்னு கொழும்புல படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க," என்று முணுமுணுத்தாள். ஒளிச்சு என்ற சொல்லைக் கேட்டதும் நாகலெட்சுமி தலையை ஆட்டிக்கொண்டாள். தான் சந்தேகப்பட்டது சரிதானே!

மறுநாள் காலை நிறுவைக்கு மழையில் நாற்பது பெண்களும் தராசைச் சுற்றி நின்றார்கள். ஒரே ராத்திரியில் நாற்பது பேருக்கும் கழுத்து நீண்டிருந்தது.

"வீரம்மா, முள்ளு ஏழு, தண்ணி ஒண்ணு! ஜோசப்பின், முள்ளு ஒம்போது, தண்ணி ஒண்ணு!"

நாகலெட்சுமியின் சாக்கு ஏறியது. விடிந்ததிலிருந்து பேய் பிடித்தவளைப் போல் கொய்திருந்தாள். கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"நாகலெட்சுமி... முள்ளு ஆறு. தண்ணி ஒண்ணு."

"ஆறா?" சாக்கை விட்டுவிட்டு முன்னால் வந்து பார்த்தாள். ஆறுதான்.

ஜோசப்பினுக்குக் கை மட்டுமல்ல, கணக்கும் வேகம். "பறக்கப் பறக்கப் பறிச்சும் முள்ளே ஆறுதான். நேத்து முந்தாநாளு அஞ்சு, ஆறுன்னு கூப்பிட்டது அப்ப தண்ணி கழிக்காத முழு முள்ளு. ஏன்க்கா, இத்தன வருசமா ஒங்க கூடையில மட்டும் மழையே பெய்யலியா?"

மலையே சிரித்தது. காளியாயி அடுத்த மலையில் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னவென்று தெரியாமல் அவளும் சிரித்து வைத்தாள்.

நாகலெட்சுமி கணக்கப்பிள்ளையை ஒதுக்குப்புறமாக மடக்கினாள். "என்னாத்துக்குங்க எனக்குக் கழிக்காம விட்டீங்க?"

"எழுபத்தொண்ணுல ஒரே ஒரு தடவ கழிச்சேன், ஞாபகம் இருக்கா? எனக்குப் பேசுன மூணாவது சம்பந்தமும் முறிஞ்சு போனத மறுநாளு காலையில ஆளு கூடுற பெரட்டுல, அப்ப இருந்த தொரை முன்னால, பாட்டாவே படிச்சீங்க. அதுக்கப்புறம் ஒங்க தண்ணிய நா கண்டுக்கிறதே இல்ல."

ஆக, அந்தக் கம்ப்யூட்டர் எல்லோருக்கும் பிழையாகக் கழித்திருந்தது. ஒரே ஒருத்திக்குத்தான் சரியாகக் கழித்திருந்தது. அவள்தான் சண்டைக்குப் போனவள்.

பகல் நிறுவையிலும் முள் ஆறு, தண்ணி ஒன்று. கையில் பத்து. அந்திக்கு இன்னும் ஐந்து வேண்டும். மழை நின்றிருந்தால் முள்ளில் ஐந்து போதும், நிற்காவிட்டால் ஆறு. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக நாகலெட்சுமி வானத்தைச் சந்தேகத்தோடு பார்த்தாள். இரண்டு மணிக்கு வெயில் வந்தது. அதையும் நம்பாமல் கொய்தாள்.

அந்தி நிறுவை. "நாகலெட்சுமி, முள்ளு அஞ்சு."

தண்ணி எத்தனை என்று அவர் சொல்லவில்லை. வழக்கமாகக் கணக்கப்பிள்ளைதான் ஒரு பிடி கொழுந்தை அள்ளிப் பிழிந்து பார்ப்பார். தண்ணீர் சொட்டினால் கழிவு உண்டு. இன்று அவர் கையை நீட்டியதும் வீரம்மா குறுக்கே பாய்ந்தாள். "நீங்க வேணாங்கையா. அவங்க வாய்க்குப் பயந்தவரு நீங்க. ஜோசப்பின் பிழியட்டும்."

பீலிக்கரையில் திருடிப் பட்டம் வாங்கிய ஜோசப்பின் முன்னால் வந்தாள். ஒரு பிடி அள்ளினாள். நாகலெட்சுமியின் முகத்தையே பார்த்துக்கொண்டு அவசரமில்லாமல் பிழிந்தாள். முருகனில் தொடங்கி மாதாவரை நாகலெட்சுமி ஒரு சுற்றுக் கும்பிட்டுவிட்டாள். ஜோசப்பின் கையை விரித்தாள். ஒரு சொட்டு இல்லை.

"காஞ்ச கொழுந்துதான். சைபர் போடுங்கையா."

அடுத்த கால் மணி நேரத்தில் நாகலெட்சுமி ஆபீஸ் ஜன்னலில் இருந்தாள். "தண்ணிக் கட்டத்துல என்னா போட்ட? வெரல் வெச்சுக் காட்டு." ஐவி திரையில் தொட்டுக் காட்டினாள். ஒன்று, ஒன்று, சைபர். மிச்சம் பதினைந்து. முழுப்பேர். பட்டியலில் பெயர் இல்லை என்பதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை பார்த்த பிறகுதான் கிளம்பினாள்.

பீலிக்கரையில் ஜோசப்பின் குடத்தோடு நின்றாள். நாகலெட்சுமி தன் குடத்தைத் தள்ளி வைத்து அவளுக்கு இடம் விட்டாள். லயத்தில் இதை மூன்று பேர் பார்த்தார்கள், பார்த்தும் நம்பவில்லை.

தண்ணீர் நிரம்பும்வரை நாகலெட்சுமி ஜோசப்பினின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கில் மேலே கிடந்த கொழுந்தைத்தானே இவள் அள்ளினாள்? மழை நிற்பதற்கு முன்னால் பறித்தது அடியில் அல்லவா கிடந்தது? கையை ஏன் அடிவரைக்கும் விடவில்லை?

கேள்வி நுனி நாக்கு வரைக்கும் வந்தது. கேட்டால் பதினைந்து பதினாலாகிவிடும்.

"குடம் நெறைஞ்சிருச்சி பாரு," என்றாள் நாகலெட்சுமி.