நண்டுக்கால் ராஜதந்திரம்

உலக வர்த்தகத்தில் விருந்துக்கு எந்த வேலையும் இல்லை என்று நிலோஜன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். வணிகபீடத்தில் இரண்டாம் வருசம் படிக்கிறவனுக்கு அந்த உரிமை உண்டு.

“விலையும் தரமுந்தான் பேசும் அக்கா. குழம்பு ஊத்தி நண்டு ஏற்றுமதி செய்யேலாது.”

“வாயைப் பொத்திட்டு இலையைப் போடு மனே,” என்றாள் சுலோஜனா. கல்லடியில் அவள் தொடங்கிய நண்டுக் கம்பனிக்கு முதல் வெளிநாட்டு ஓடர் இன்றைக்குக் கிடைத்தால்தான் உண்டு.

அந்த ஓடருக்காக அவள் விருந்துக்கு அழைத்திருந்த வெளிநாட்டுத் தூதரக வர்த்தக அதிகாரியோ, நண்டுக்காலை எங்கே பிடிப்பதென்று தெரியாமல் பருப்பையே தின்றார். அக்காவின் முகம் வாடியது. நிலோஜன் பக்கத்தில் குந்தி, நண்டுக்காலைக் கரண்டிப் பிடியால் தட்டி உடைத்து, சதையை உருவி அவர் சோற்றில் வைத்தான். ஒரு வாய்தான், அதிகாரியின் கண் விரிந்தது.

“கிழமைக்கு எவ்வளவு அனுப்புவீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொன்னாள். நிலோஜன் அதிகாரியின் இலையில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினான்.