சுவரோடு கதைப்பவள்

முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் தடித்த போர்வையொன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள் றுக்கியா. ஒரு பக்கத்து ஆணி ஆடியது. கண்டக்குழியின் உப்புக் காற்றுக்கு எந்தச் சுவர்தான் ஆணியைப் பிடித்து வைத்திருக்கும்? ஜபார் இருந்திருந்தால் இரண்டு போடு போட்டுவிட்டு, "இப்ப இழுத்துப் பாரு" என்று பெருமையடித்திருப்பார். கடற்கரையில் படகை இழுத்து ஏற்றிக்கொண்டிருந்த மனுஷன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார், பிறகு எழும்பவில்லை. கணவனை இழந்த றுக்கியா இப்போது இத்தா இருக்கிறாள். வெள்ளை உடுப்பு, வாசல் தாண்டாத இருப்பு, அந்நிய ஆண் முகம் பாராத நாட்கள். இன்று முஸம்மில் சேர் வருகிறார். அதற்குத்தான் போர்வை.

அவரை வரச் சொன்னவளும் அவள்தான். முஸம்மில் சேர் புத்தளத்தில் பழைய வீடொன்றில் சின்னதாகத் தனியார் பள்ளிக்கூடம் நடத்துகிறார். வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். கண்டக்குழியில் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியை மாற்றலாகிப் போனபின் அந்தப் பாடத்துக்கு ஆளே வரவில்லை. அதனால் மகள் நுஸ்ராவை முஸம்மில் சேரிடம் சேர்க்க வேண்டுமென்று ஜபார் ஒற்றைக்காலில் நின்றார். கிழமை நாட்களில் தன் அக்கா, லெய்லா ராத்தாவின் வீட்டில் தங்கட்டும், வெள்ளிக்கிழமை பின்னேரம் வரட்டும் என்றார். "அங்க ஒவ்வொரு புள்ளயையும் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க, றுக்கியா" என்று அதை ஏதோ அதிசயம்போலச் சொன்னார். றுக்கியாவோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவள். "ஊட்டுக்கு போர்ட் அடிச்சா பள்ளிக்கூடமாகிருமா? இங்க படிக்கிறதெல்லாம் மொக்குப் புள்ளயளா?" என்று மடக்கினாள். பல வருஷம் காத்திருந்து பெற்ற ஒற்றைப் பிள்ளை. அவளையும் அனுப்பிவிட்டுத் தனியாகக் கிடக்கப் பயம் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. கடைசிச் சண்டையில்தான் அது வெளியே விழுந்தது.

"உங்கட ஆசைக்குப் புள்ளயக் கொண்டுபோய் உட்டுட்டு நீங்க கடலுக்குப் போங்க. நான் இந்தச் செவரோட கதைச்சிக்கிட்டுக் கிடக்கிறேன்."

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஜபார் புத்தளம் பஸ்ஸில் ஏறிப் போனார். என் சொல்லையும் மீறிச் சேர்க்கத்தான் போகிறார் என்று நினைத்து அவள் முகம் கொடுக்காமல் திரிந்தாள். அந்தக் கோபம் ஆறுமுன் ஆளே போய்விட்டார். மௌத்து வீட்டுக் கூட்டம் கலைந்த பிறகு அவள் உண்மையாகவே சுவரைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினாள். "சரி, நீங்களே வெண்டீங்க" என்று ஒருநாள் சுவரிடம் சொன்னாள். செத்தவரிடம் தோற்பதில் ஒரு ஆறுதல் இருந்தது. அவருடைய கடைசி ஆசையையாவது நிறைவேற்றலாமே என்று லெய்லாவிடம் சொல்லி அனுப்பினாள்.

லெய்லா சேரை அழைத்துக்கொண்டு வந்தாள். போர்வைக்கு அந்தப் பக்கம் கதிரை நகரும் சத்தம் கேட்டது. இத்தாவில் இருப்பவளின் குரல்கூட அந்நிய ஆணின் காதில் விழக்கூடாது என்பது அந்த ஊரின் சொல். மார்க்கக் கிதாபில் அப்படி இருக்கிறதோ இல்லையோ, ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதனால் றுக்கியா மெதுவாகச் சொல்வதை நுஸ்ரா அந்தப் பக்கம் எடுத்துச் சொல்வதென்று ஏற்பாடு. வாப்பா போனதிலிருந்து அவளும் ஒரே பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தாள்: "எனக்கு வேணா உம்மா. நான் உங்களோடயே இரிக்கிறேன்."

சேருக்குப் பிளேன்டீ கொடுக்கப் போன நுஸ்ரா உடனே திரும்பவில்லை.

"சேர், சயன்ஸுக்கு லேப் இரிக்கா?"

"சமைக்கிற குசினியத்தான் லேப் ஆக்கி வெச்சிரிக்கிறோம் மகள். சின்னதுதான்."

"மைக்ரோஸ்கோப்?"

"ஒண்டு இரிக்கிது. வரிசையில நிண்டு பாக்கணும்."

நுஸ்ரா சிரித்தாள். சின்னச் சிரிப்பு, வந்ததே தெரியாமல் போன சிரிப்பு. ஆனாலும் றுக்கியாவுக்குக் கேட்டுவிட்டது. ஜபாரின் ஜனாஸாவை அடக்க எடுத்துப் போன பிறகு இந்த வீட்டில் அந்தச் சத்தம் வந்ததே இல்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் சேர் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, ஒரு விஷயம் சொல்லாமப் போனா எனக்குக் குத்தமாப் போயிரும். மௌத்தானவர்ட வார்த்தை அமானிதம், மறைச்சு வெக்கக் கூடாது. அண்டைக்கு ஜும்ஆவுக்குப் பிறகு ஜபார் வந்தது புள்ளயச் சேக்க இல்ல. வேணாம், உடுங்க எண்டு சொல்லிட்டுப் போகத்தான். 'புள்ளயும் இங்க வந்துட்டா அவட உம்மா செவரோடதான் கதைக்கணும் சேர், அது சரியான கதைதான்' எண்டாரு. போக மனமில்லாம வகுப்பு வாசல்ல கொஞ்ச நேரம் நிண்டுட்டுத்தான் போனாரு."

றுக்கியா சுவரில் சாய்ந்துகொண்டாள். அவர் விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வந்து சொல்ல இவள் முகம் கொடுக்கவில்லை. அவருக்காக விட்டுக்கொடுக்கிறோம் என்று இத்தனை நாளாகக் கட்டிக்காத்த ஆறுதல் கையிலிருந்து நழுவிப் போனது. இனி இந்த வீட்டில் தோற்பதற்கும் ஆளில்லை, வெல்வதற்கும் ஆளில்லை. வேண்டுமென்றால் பிள்ளையை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். அதைத்தானே அவள் கேட்டாள்?

"அப்ப சரிதானே" என்றாள் லெய்லா. வாய்க்குப் பூட்டுப் போட மறந்த மனுஷி. "தம்பியே வேணாமெண்டு சொல்லியிரிக்கான். புள்ள உம்மாக்குத் தொணையா இரிக்கட்டும்."

நுஸ்ரா போர்வைக்குள் தலையை நீட்டினாள். "என்ன சொல்ல உம்மா?"

முகத்தில் ஒன்றுமே இல்லை. சற்றுமுன் சிரித்த பிள்ளை இவள்தானா என்றிருந்தது. அறையை விழுங்கிக்கொண்டு நின்ற அந்தச் சுவரை றுக்கியா ஒருமுறை பார்த்தாள். வகுப்பு வாசலில் போக மனமில்லாமல் நின்ற மனுஷனையும் நினைத்தாள். ஒரு கோபத்தில் கொட்டிய சொல்லை அவர் மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"சேத்துக்கச் சொல்லுங்க மகள்."

நுஸ்ரா அசையவில்லை.

"சொல்லுங்க."

பிள்ளை தலையை அந்தப் பக்கம் திருப்பினாள். போர்வையின் ஓரத்தை அவள் கை இறுகப் பிடித்திருந்தது.

"உம்மா வேணாமெண்டு சொல்றாங்க, சேர்" என்றாள்.

சேர் கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது. "அல்லாஹ் நல்லதை நாடட்டும். அப்ப நான் வாறேன் தங்கச்சி." செருப்பு படியில் இறங்கியது.

"ஏன் மகள்?" என்றாள் றுக்கியா. நுஸ்ரா போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அந்த இழுப்புக்கு, ஆடிக்கொண்டிருந்த ஆணி கழன்று விழுந்தது. போர்வை ஒரு பக்கமாகச் சரிய, வாசல் வெளிச்சம் உள்ளே வந்து றுக்கியாவின் வெள்ளைப் புடவையில் விழுந்தது.

அவள் எழுந்து, சரிந்த முனையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். மற்றக் கையால் பிள்ளையின் தலையைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

"சேர்!"

இத்தனை நாள் சுவரோடு கிசுகிசுத்த குரல் முற்றம்வரை கேட்டது. லெய்லா வாயில் கை வைத்தாள். வெளியே செருப்புச் சத்தம் நின்றது. தூக்கிப் பிடித்த போர்வையை அவள் இறக்கவில்லை.