அலுமாரிக் கதவின் உட்பக்கம்

ஜவாஹிர் நானாவின் கடையில் இருந்த மூன்று பெட்டிக் கொம்பியூட்டர் கேபிளையும் பிரிக்கவைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சாண் வெட்டி, மேலுறையை உரித்து, உள்ளே இருந்த கம்பியைப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம். இரண்டு இழுப்பில் வெள்ளை தெரிந்தது. மூன்றும் செம்பு பூசிய அலுமினியம்.

"ஒங்களுக்கிட்டப் பொய் செல்ல மாட்டன் தம்பி. இப்ப கண்டிக்கு வாறதெல்லாம் இதுதான்" என்றார் நானா. "தனிச் செம்பு வேணுமெண்டா கொழும்புக்குத்தான் போகோணும்."

யுத்தம் நடக்கும் 2008ஆம் ஆண்டு, முத்துலிங்கம் என்ற தமிழ்ப் பெயரோடு, பெட்டி நிறைய வயரைத் தூக்கிக்கொண்டு கொழும்பிலிருந்து கண்டிக்கு வா என்றால் என்ன அர்த்தம்? சோதனைச் சாவடியில் நான் கொம்பியூட்டருக்கு என்பேன். அவர்கள் குண்டுக்கு என்பார்கள்.

ஆனால் அந்த அலுமினியத்தை நான் தொடமாட்டேன். முந்திய வருடம் தெல்தெனியவில் ஒரு கந்தோரில் இருந்தவர்கள் தாங்களே மலிவுக் கேபிள் வாங்கித் தந்து என்னை இழுக்கச் சொன்னார்கள். மூன்றாம் மாதம் கம்பிகள் உள்ளுக்குள் முறிந்து, அத்தனை கொம்பியூட்டரும் நின்றுபோயின. அந்த வாரம்தான் எங்கோ பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. வேறொருவன் இழுத்திருந்தால் அது கூடாத கேபிள். நான் இழுத்ததால் அது நாசவேலை. இரண்டு நாள் பொலிஸில் குந்தியிருந்தேன். இன்னொரு தடவை உள்ளே போனால் வெளியே வருவேனா என்பது எனக்குத் தெரியாது.

இந்த முறை வேலை கண்டி நகரத்தில், ஒரு லீசிங் கம்பனியில். பிடித்துத் தந்தவர் அங்கே நிர்வாக உத்தியோகத்தர், செல்லப்பா. கண்டியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அவருடைய அப்பாவின் புடவைக்கடையை எரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் சில்வா என்ற பெயரில் சிங்களவர் ஆகிவிட்டார். அவரை வேலைக்குச் சேர்த்த பழைய மனேஜருக்கு உண்மை தெரியும். அந்த மனிதர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது இருப்பவர்களுக்கெல்லாம் அவர் சில்வா மாத்தயாதான், சில்வா ஐயா. என்னோடு தமிழ் பேசுவதென்றால் மாடிப்படி வளைவுக்குக் கூட்டிப்போய்த்தான் பேசுவார்.

"இங்க கெடைக்கிறத வாங்கிப் போடுங்களேன் தம்பி. எதுக்குங்க வம்பு?"

"உடைஞ்சால் என்னைத்தானே பிடிப்பாங்கள்? உங்களையே பிடிக்கப்போறாங்கள்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் மறுநாளே மனேஜரிடம் பேசி, கம்பனி வேனுக்கும் ஒரு கடிதத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். கடிதத்தை வாசித்துப் பார்த்தேன். கேபிளை வாங்கி வருபவர் சாரதி பண்டார. கூட ஒரு உதவியாள். உதவியாளான எனக்குப் பெயர் போடவில்லை.

கொழும்பில், புறக்கோட்டையில் நான்கு கடை ஏறி இறங்கி, சுரண்டச் சுரண்டச் சிவப்பாகவே இருந்த கேபிளில் ஏழு பெட்டி எடுத்தேன். திரும்பும் வழியில் கடுகண்ணாவைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். ஆமிக்காரப் பையன் என் அடையாள அட்டையில் இருந்த தமிழ் எழுத்தைப் பார்த்தான். பின்னால் இருந்த பெட்டிகளைப் பார்த்தான். யாருடையது என்று கேட்டான்.

"மகே" என்றான் பண்டார, சிங்களத்தில். என்னுடையது.

ஆமிக்காரன் கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினான். ஒரு பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. பண்டார நல்லவன், நான் சங்கடப்படக் கூடாதென்று பேராதனை வரும்வரை என் முகத்தைப் பார்க்காமலே ஓட்டினான். எல்லாம் நல்லபடி முடிந்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை நொந்தது. பிடித்து இறக்கி அடித்திருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. நான் தேடித் தேடி எடுத்த கேபிள், என்னுடையதாக இல்லாவிட்டால்தான் கண்டி போய்ச் சேரும்!

எட்டு நாள் வேலை. சீலிங்குக்குள் ஊர்ந்து, பின்கட்டிடம் வரைக்கும் ஒட்டுப்போடாமல் இழுத்தேன். எல்லாக் கேபிளும் வந்து சேரும் இரும்பு அலுமாரி, கவுண்டர்களுக்குப் பக்கத்தில் சுவரோடு நின்றது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் அந்த அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் இழுத்தவன் பெயரையும் திகதியையும் எழுதிவைப்பான். அடுத்து வருகிறவன் யாரைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள வேண்டுமே. கறுப்பு மார்க்கரால் பெரிதாகத் தமிழில் எழுதினேன்.

மறுநாள் காலையில் கடைசிச் சோதனைக்குப் போனபோது கதவு வெறுமையாக இருந்தது. பெயின்ற் கழுவும் தின்னர் மணம். செல்லப்பா பக்கத்திலேயே நின்றார். கையில் துணி இருந்தது.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க" என்று காதுக்குள் கிசுகிசுத்தார். "செக்கிங்குக்கு வருவானுங்க. தமிழ் எழுத்தப் பாத்தா யாரு கூட்டிட்டு வந்தான்னு கேப்பானுங்க. அப்புறம் என்னைய நோண்டுவானுங்க."

கேபிள் சுரண்டும் பிளேடை எடுத்தேன். கீறி எழுதினால் தின்னரால் அழிக்க முடியாது. பெயின்ற் உதிர உதிர, இரும்பு தெரியக் கீறத் தொடங்கினேன். மு. த். து.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாங்க, கெஞ்சிக் கேக்குறேன்."

என்னை மீறிப் போய்விட்டது. "விடுங்கோ கையை!" என்று கத்தினேன். "எனக்கு என்ர பேர் போதும். உங்களைப்போல சில்வா எண்டு வேசம் போட எனக்கேலாது, செல்லப்பா!"

தட்டச்சுச் சத்தம் நின்றது. கவுண்டரில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நான் சொன்னதில் பாதிக்கு மேல் அவர்களுக்கு விளங்கியிருக்காது. ஆனால் அந்தக் கடைசிச் சொல் விளங்குவதற்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முன்வரிசையில் இருந்த பெண், கேலியில்லாமல், அறியும் ஆசையில் மட்டுமே, சிங்களத்தில் கேட்டாள். "சில்வா மாத்தயா, செல்லப்பா என்றால் யார்?"

அவர் என் கையை விட்டார். துணியை நாலாக மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். இருபத்தைந்து வருடமாக அவர் ஒளித்துவைத்ததை, எந்த ஆமிக்காரனும் கேட்காமலே நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பிளேடு என் கையிலேயே இருந்தது. மிச்சத்தைக் கீற முடியவில்லை. அந்த அலுமாரிக் கதவில் என் பெயர் பாதிதான் இருக்கிறது.