அப்படியொரு வழக்கு வந்ததில்லை

கெண்ட் நகர நீதிமன்றத்தில் ஒரு பழக்கம் உண்டு. வழக்கு தொடங்கும் முன் எதிரெதிர் வக்கீல்கள் கைகுலுக்கிக்கொள்வார்கள். உள்ளே போய் ஒருவரையொருவர் கிழித்துத் தோரணம் கட்டப் போகிறவர்கள்தான், ஆனாலும் கை கொடுத்துவிட்டுத்தான் கிழிப்பார்கள். கை கொடுக்காமல் வாதாடப் போனவனைப் பற்றி எதிரே இருக்கும் காப்பிக்கடையில் வருடக்கணக்கில் பேசுவார்கள்.

அன்று, தவறு செய்த வக்கீல்களை விசாரிக்கிற ஒழுங்கு மன்றத்தில் பாவோ எல்லோருக்கும் கை கொடுத்தான், குறிப்பெடுக்கிற எழுத்தர் உட்பட. விசாரணைக்கு வந்து நின்ற ஹில்டேவின் அருகில் வந்தபோது மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஏதோ யோசனையில் இருக்கிறான் என்று ஹில்டே நினைத்துக்கொண்டாள். சட்டக் கல்லூரியில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சு, இன்றுவரை அங்கி மாட்டும் அறையில் பக்கத்துப் பக்கத்து ஆணி. அவ்வளவு கால நட்பு மனிதரை அப்படித்தான் நினைக்க வைக்கும்.

அவளுக்குப் பயமில்லை. போன வாரம் அவனே போன் செய்து பயத்தைப் போக்கியிருந்தான்.

"வக்கீல் யாரையும் கூட்டிட்டு வராத ஹில்டே. நீயும் வாதாடாத. ஆமா, செஞ்சேன், தப்புதான்னு சொல்லிட்டு உக்காந்துடு. ஒரு எச்சரிக்கையோட முடிச்சுடலாம்."

"நிஜமாவா?"

"ஸ்டெப்பேக்கு என்ன பண்ணோம்? அதேதான் உனக்கும். நான் இருக்கேன்ல?"

ஹில்டே செய்த குற்றம் இதுதான். சப்ரீனா என்று ஒரு கட்சிக்காரி. காச நோயிலிருந்து அப்போதுதான் எழுந்த மகனோடு வாடகை வீட்டில் இருந்தவள். காலையில் வீட்டைக் காலி செய்ய அதிகாரி வரப் போகிறார். வீட்டுக்காரரின் வக்கீலுக்கு ஹில்டே போன் போட்டாள், மறுபடி போட்டாள், அலுவலகத்துக்கே நேரில் போனாள். ஆள் அகப்படவில்லை. கடைசியில் வீட்டுக்காரக் கிழவரையே நேராகக் கூப்பிட்டுப் பேசிவிட்டாள். கிழவர் நல்ல மனிதர். "புள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னு எனக்கு யாருமே சொல்லலையேம்மா, பள்ளிக்கூட வருஷம் முடியற வரைக்கும் இருக்கட்டும்" என்றார். எதிர்க்கட்சிக்காரரிடம் அவருடைய வக்கீலைத் தாண்டி ஒரு வக்கீல் பேசக் கூடாது. அது விதி. ஹில்டேவுக்குத் தெரியாத விதியா? தெரிந்துதான் பேசினாள்.

போனையே எடுக்காத அந்த வக்கீல், புகார் எழுத மட்டும் சுறுசுறுப்பாக எழுதினார். அவர் வேலை பார்ப்பது இன்யாஸ் ஸ்டெப்பேயின் அலுவலகத்தில். துறைமுகத்து வழக்குகளில் பாதி அந்த அலுவலகத்தைத் தாண்டித்தான் போகும்.

அதுதான் வேடிக்கை. சில வருடங்களுக்கு முன் இதே குற்றத்துக்காக இதே மன்றத்தில் நின்றவர் ஸ்டெப்பே. எதிர்க்கட்சிக் கம்பெனி முதலாளியைத் தனியாகச் சாப்பிடக் கூட்டிப்போய், பச்சைக் குழம்பில் விலாங்கு மீன் வாங்கிக் கொடுத்து, ஆள் ஏப்பம் விடுவதற்குள் சமரசப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவர். நோய்ப்பிள்ளையும் இல்லை, விடியற்காலை அவசரமும் இல்லை. அப்போது ஹில்டே இந்த மன்றத்தில் உறுப்பினர், பாவோவும் உறுப்பினர். தொழிலிலிருந்து கொஞ்ச காலம் விலக்கி வைத்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் ஹில்டே. அவளைக் கரைத்தவன் பாவோ.

"ஒரு தப்புக்கு ஒருத்தன் பொழப்பையே கெடுக்கணுமா? இன்னைக்கு இவருக்கு எச்சரிக்கைன்னா, நாளைக்கு வர்ற சின்ன வக்கீலுக்கும் அதே எச்சரிக்கைதான். அதுக்கு நான் பொறுப்பு" என்றான். அந்தச் சின்ன வக்கீல் என்ற வார்த்தையில்தான் அவள் விழுந்தாள். எச்சரிக்கைத் தீர்ப்பு வெளியிடப்படுவதில்லை. மன்றத்துக்குள் நடந்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுப்பினர்கள் எல்லோரும் சத்தியம் செய்தவர்கள். ஸ்டெப்பே விஷயம் அப்படியே அமுங்கிப்போனது. அன்றைய உறுப்பினர்களில் இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் மிச்சமிருப்பவன் பாவோ மட்டும்தான்.

ஹில்டே எழுந்து நின்று அவன் சொன்னபடியே சொன்னாள். "பேசினேன். தப்புதான். இதே மாதிரி தப்புக்கு இந்த மன்றம் எந்த அளவுகோல வச்சதோ, அதையே எனக்கும் வைக்கணும்னு கேட்டுக்கறேன்."

புதிதாக வந்த உறுப்பினர் அன்னெலோர் என்ற இளம்பெண் நிமிர்ந்தாள். "தலைவர் அவர்களே, முன்னாடி இந்த மாதிரி வழக்கு வந்திருக்கா? வந்திருந்தா என்ன தண்டனை குடுத்தோம்? தெரிஞ்சா எங்களுக்கு உதவியா இருக்கும்."

நல்ல கேள்வி. ஹில்டேவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பாவோ முன்னால் கிடந்த காகிதங்களை அடுக்கினான். அடுக்கியிருந்ததையே மறுபடி அடுக்கினான்.

"எனக்குத் தெரிஞ்சு அப்படியொரு வழக்கு வந்ததில்ல" என்றான்.

ஹில்டே அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. ஸ்டெப்பே என்று ஒரு பெயரை உதிர்த்தால் போதும், ஆனால் உதிர்த்தால் சத்தியத்தை மீறியவள் ஆவாள், அது தொழிலையே ஒரேயடியாகப் பறிக்கிற குற்றம். அவள் சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். படுபாவி, அவளுடைய நேர்மையை நம்பித்தான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறான்.

"ஒரு வேண்டுகோள்" என்றாள். "உறுப்பினர் கேட்ட கேள்வியையும் தலைவர் சொன்ன பதிலையும் வார்த்தை மாறாம குறிப்புல ஏத்தணும்."

எழுத்தர் தலைவரைப் பார்த்தார். பாவோவின் கழுத்து சிவந்தது. "எழுதிக்கங்க" என்றான்.

கொஞ்ச நேரம் கலந்து பேசிவிட்டு வந்து தீர்ப்பைப் படித்தார்கள். மூன்று மாதம் தொழில் செய்யத் தடை. அதற்குச் சொன்ன காரணம்தான் தேனில் நனைத்த ஊசி. இந்த மன்றத்தில் உறுப்பினராக இருந்து விதிகளின் அருமையை அறிந்தவர் என்பதால், மற்றவர்களுக்குக் காட்டும் தயவை இவருக்குக் காட்ட இயலவில்லையாம். கூலியில்லாமல் இதே மேஜையில் உட்கார்ந்து உழைத்த வருடங்களை எடுத்து அவள் தலையிலேயே போட்டார்கள். படிக்கும்போது அன்னெலோர் தன் விரல்நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கி மாட்டும் அறைக்கு வந்து சப்ரீனாவுக்குப் போன் போட்டாள். கிழவரின் வக்கீல் அவர் மனதைக் கலைத்துவிட்டதால் வழக்கு மறுபடி வருகிறது, இந்த மாதமே.

"வேற வக்கீல் ஏற்பாடு பண்றேன் சப்ரீனா. என்னால வர முடியாது."

"ஏன் வக்கீலம்மா? நான் ஏதாவது தப்பா பேசிட்டனா?"

"இல்லம்மா. அன்னைக்கு உங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணேன்ல, அதுக்குத் தண்டனை."

"அதுக்கா?" என்றாள் சப்ரீனா. "அந்தப் புது வக்கீலு போனாவது பண்ணுவாரா?" என்று கேட்டாள்.

ஹில்டே போனை வைத்துவிட்டு, அங்கியைக் கழற்றாமலே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

கதவு திறந்து பாவோ வந்தான். தன் அங்கியை ஆணியில் மாட்டினான்.

"என் கைய கட்டிப்போட்டுட்டாங்க ஹில்டே. வர்ற தேர்தல்ல ஸ்டெப்பே ஆளுங்க ஓட்டு இல்லாம நான் தலைவரா தொடர முடியாது. நீ புரிஞ்சுக்குவ. மூணு மாசம், கண்ண மூடித் திறந்தா ஓடிரும்."

"சின்ன வக்கீல்னு ஒரு வார்த்தை சொன்னியே பாவோ, ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் அப்ப. இப்ப விடு. மேல்முறையீடு கீல்முறையீடுன்னு போகாத, என்ன? நம்ம ரெண்டு பேருக்கும் அசிங்கம்."

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று ஒரு நொடி அவள் நினைத்திருந்தாள். அந்த நினைப்புக்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் சத்தியத்த மீற மாட்டேன். ஸ்டெப்பே பேர மேல் மன்றத்துலயும் சொல்ல மாட்டேன். கெண்ட் மன்றத்தோட பழைய தீர்ப்பு எல்லாத்தையும் வரவழைச்சுப் பாருங்கன்னு மட்டும் கேப்பேன். அதுக்குப் பக்கத்துல, குறிப்புல ஏறியிருக்கற உன் பதில வச்சுப் படிப்பாங்க."

"என்ன ஹில்டே இது, நாம யாரு..." என்று சொல்லிக்கொண்டே பாவோ சமாதானத்துக்கு வலது கையை நீட்டினான். காலையிலிருந்து அவளுக்குக் கொடுக்காத கை.

ஹில்டே அதைப் பற்றினாள். அழுத்தமாக, ஊர் வழக்கப்படி ஒருமுறை குலுக்கினாள்.

"சரி, தலைவர் அவர்களே" என்றாள். "வழக்க ஆரம்பிக்கலாம்."