உயிரோடு இருக்கிறதா என்று கேட்டவர்

நர்சிங் மூன்றாம் ஆண்டில் அவளை எல்லோரும் குண்டூசி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் அவ்வளவு ஒல்லி. அந்த மாதம் அவளுக்கும், வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கிய அவள் தோழிக்கும், அறுவைச் சிகிச்சை வார்டின் ஜன்னலோரப் படுக்கையை ஒதுக்கியிருந்தார்கள். அதில் படுத்திருந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். கட்டி வந்த பெருங்குடல் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் குடலின் முனையை வயிற்றுத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து தைத்திருந்தார்கள். ஸ்டோமா என்று அதற்குப் பெயர். இனி மலம் அந்த வழியாக வந்து, மேலே ஒட்டியிருக்கும் பையில் சேரும்.

ஒன்பது நாளாகியும் அவர் அதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பை மாற்றத் திரையை இழுத்தாலே போதும், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். மாற்றக் கற்றுக்கொண்டது அவர் மனைவிதான். அந்த அம்மாவோ தையல் ஃபாக்டரியில் ஷிஃப்ட் பார்ப்பவள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போன பிறகு, பகலில் அவர்தான் தன் பையைத் தானே மாற்றியாக வேண்டும்.

“அவருக்குப் புரியற மாதிரி ஒரு துண்டுப் பிரசுரம் செஞ்சு கொண்டு வாங்க” என்றார் வகுப்பு மேடம். “ஏஐ வெச்சுக்கலாம், தப்பில்ல. நோயாளி பேரு, படுக்கை நம்பர் எதையும் அதுல போடக் கூடாது. என் கண்ணுல படாம ஒரு தாள்கூட வார்டுக்குள்ள போகக் கூடாது.”

கணினி அறையில் ரேடியோ ஒரு வரிதான் தட்டினாள். மூச்சு விடுவதற்குள் மூன்று பக்கம் வந்து விழுந்தது. மேடம் படித்துவிட்டு, “தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அவரு படிப்பாரான்னு பாருங்க” என்று கையெழுத்துப் போட்டார்.

கண்டக்டர் தாளைக் கையில் வாங்கினார். முதல் பத்தியைப் படித்தார். பிறகு அதை நாலாக மடித்து விசிறிக்கொண்டார்.

“டாக்டர் டாக்டருக்கு எழுதின லெட்டர் மாதிரி இருக்கு பாப்பா.”

குண்டூசிக்கு முகம் சிவந்துவிட்டது. திரும்பவும் கணினி முன் உட்கார்ந்து, இந்த முறை ஒரு மனிதரிடம் புலம்புவதைப் போல எல்லாவற்றையும் தட்டினாள். வயது ஐம்பத்திரண்டு, முப்பது வருஷமாக ஓடும் பஸ்ஸில் நின்றே வேலை, பையை மாற்றும்போது திரும்பிக்கொள்கிறார், கொடுத்த தாளை விசிறியாக்கிவிட்டார்.

இந்தத் தடவை பதில் பிரசுரமாக வரவில்லை. கேள்வியாக வந்தது. ‘அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று அவரிடம் கேட்டீர்களா? அவர் பயப்படுவது எதற்கு?’

குண்டூசி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளாக அவருடைய ரத்த அழுத்தம், காய்ச்சல், குடித்த தண்ணீர் என்று எல்லாவற்றையும் அளந்திருக்கிறார்கள். இதை மட்டும் யாருமே கேட்கவில்லை. அவளும்தான். முகமே இல்லாத ஒன்று அதைக் கேட்கிறதே என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

போய்க் கேட்டாள். கண்டக்டர் முதலில் மழுப்பினார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தொட்டால் வலிக்குமா? பஸ் பிரேக் போட்டால் குடல் வெளியே கொட்டிவிடுமா? பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு நாற்றம் அடிக்குமா? கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சிரிக்காதீங்க பாப்பா. அது... உயிரோட இருக்கா? வெட்டிப் போட்டதை ஒட்டி வெச்ச மாதிரி, செத்த சதையோன்னு நெனச்சிட்டிருக்கேன்.”

அன்று பிற்பகல் முழுக்க இரண்டு பேரும் அந்த நாலு கேள்விகளோடு உட்கார்ந்தார்கள். ஏஐ எழுதிக் கொடுத்ததைப் பாடப் புத்தகத்தோடு வரி வரியாக ஒப்பிட்டார்கள். படங்களை மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பையை வயிற்றோடு ஒட்டும் தகட்டில் ஸ்டோமாவுக்காக வெட்டும் ஓட்டையை ஏஐ பெரிதாக வரைந்திருந்தது. “இப்படி வெட்டினா சுத்தி இருக்கற தோல் வெந்து போயிடும். ஸ்டோமாவை விட ஒரு நூல்தான் பெருசா இருக்கணும். மாத்துங்க” என்றார். மாற்றினார்கள்.

மறுநாள் காலை. வெயில் படுக்கை வரைக்கும் வந்திருந்தது. மேடம் கால்மாட்டில் நிற்க, ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் மனைவியும் நிற்க, குண்டூசி பையைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, புதுப் பிரசுரத்தைப் படித்தாள்:

“இது புண் இல்ல, உங்க குடல்தான். உதட்டோட உள்பக்கம் மாதிரி சிவப்பா, ஈரமா இருக்கும். அந்தச் சிவப்பு ரத்தம் நல்லா ஓடறதுக்கு அடையாளம். தொட்டா வலிக்காது. கொஞ்ச நேரம் கவனிச்சுப் பாருங்க, தானா அசையும். அது உயிரோட இருக்கு, வேலை பார்க்குது.”

கண்டக்டரின் கழுத்து மெல்லத் திரும்பியது. குனிந்தார். ஒரு நிமிஷம் போயிருக்கும். அந்தச் சிவந்த மொட்டு லேசாகச் சுருங்கி, விரிந்தது. திரும்பவும் சுருங்கியது.

“அசையுது...” என்றார். “ஏய், இங்க வா. அசையுது பாரு!”

“நான்தான் தினமும் பார்க்கறேனே” என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே அவளும் குனிந்தாள்.

“ஐம்பத்திரண்டு வருஷமா உள்ள இதேதான் பண்ணிட்டிருந்துச்சா? நான் தூங்கும்போதும்? யாரும் சொல்லாமலேவா?”

“ஆமாங்கய்யா” என்றாள் குண்டூசி. குடலின் அசைவைப் பற்றிப் பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியவள்தான். இத்தனை நாளில் எத்தனையோ தடவை இதே இடத்தைத் துடைத்திருக்கிறாள். நின்று பார்த்தது இன்றைக்குத்தான்.

கண்டக்டர் ஒரு விரலை நீட்டி, தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் தொட்டார். வலிக்கவில்லை. சிரித்தார். பிறகு கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினார். தகட்டில் வெட்டிய முதல் ஓட்டை கோணலாகப் போனது. இரண்டாவது சரியாக உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை, மனைவி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், யாருடைய உதவியும் இல்லாமல் பையை மாற்றிக்கொண்டு, தம்பியின் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போனார். பிரசுரம் சட்டைப் பையில் இருந்தது.

அன்று மதியம் மெஸ்ஸில் ரேடியோ ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். குண்டூசி ஒரு வாய் சாப்பாட்டை விழுங்கிவிட்டு, மேசைக்கு அடியில் இடது கையைத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

“என்னடி, வயிறு வலிக்குதா?”

“இல்ல. சும்மா இரு கொஞ்சம்” என்றாள்.